கார்டு அடிக்காத முழங்கால்

மார்ச்சில் வலது முழங்காலை மாற்றினார்கள்.
பழையதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
மயக்க ஊசிக்காரர் சிரித்தார்.
பதில் வருவதற்குள் நான் போய்விட்டேன்.

ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில்
முப்பத்தொரு வருடம் பெடல் மிதித்த முழங்கால் அது.
பள்ளிச் சட்டைக் காலர்கள். வேறொன்றுமில்லை, காலர்கள்.
கம்பெனி மூடிப் பூட்டுப் போட்ட பிறகும்
தூக்கத்தில் மிதிக்கும்.
தயாளன் எழுந்து
தலையணையோடு சோபாவுக்குப் போவார்.

புதியது உலோகம், கொஞ்சம் பிளாஸ்டிக்.
அதற்கு ஒன்றும் தெரியாது.
ஒரு நாளும் கார்டு அடித்ததில்லை,
ஒரு நிமிடம் பிந்தியதற்காகச் சம்பளம் இழந்ததில்லை.

இருபத்தெட்டுக் கொக்கிகள் போட்டு மூடியிருந்தார்கள்.
எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி.
இடைவெளி சீரில்லை.
எங்கள் லைனில் என்றால்
பிரித்துத் தை என்று திரும்பி வந்திருக்கும்.

ஐஸ் பை வாங்கவில்லை.
ஃப்ரீசரின் அடியில் போன வருடத்து மத்திப் பொட்டலம் ஒன்று இருந்தது.
துண்டில் சுற்றி முழங்கால் மேல் வைத்தேன்.
இருபது நிமிடம் என் மேல், பிறகு ஃப்ரீசருக்குள்,
திரும்ப என் மேல்.
ஆறு வாரத்தில் அந்த மீன்கள்
கண் இருந்த இடம் தெரியாமல் குழைந்தன.
நான் அறுபத்திரண்டு பாகை மடங்கினேன்.

நொக்வாண்டா அளந்து எழுதுவாள்.
எழுபது.
எழுபது.
மறு வாரமும் எழுபது.
வலிக்கிறதா என்று ஒருமுறையும் கேட்டதில்லை,
எங்கே என்று மட்டும் கேட்பாள்,
விரலால் அங்கேயே அழுத்துவாள்.
சுவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன், தமிழில்.
அதற்கு ஜூலுவில் என்ன என்று சொல்லிக் கொடுத்தாள்.
அன்று எண்பத்தாறு.

ஓடக் கூடாது, மா. மண்டியிடக் கூடாது.
கீழே விழுந்தால் பதறாதீர்கள்,
முதலில் ஒரு நாற்காலியைத் தேடுங்கள்.
கடலைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய், ஏழரை மணி.
பக்கத்து வீட்டுச் சாகரன் ஹார்னை விட்டுக் கை எடுக்கவில்லை:
இசிப்பிங்கோவுக்கு மத்தி வந்துவிட்டது!
தயாளன் குளியலறையில் இருந்தார்.
நல்லது.

கடற்கரையில் பாதி டர்பன்.
ஆபீஸ் சட்டையோடு ஆண்கள்,
நைட்டியோடு பெண்கள்,
தலையணை உறை, குழந்தை குளிக்கும் தொட்டி,
கிடைத்ததைத் தூக்கி வந்திருந்தார்கள்.
தூரத்தில் பறவைகள் மடக்கிய கத்திகளாய்
நேர் கீழே விழுந்துகொண்டிருந்தன.
கைத்தடியை மணலில் நட்டேன்.
நான் திரும்புவதற்குள்
யாரோ அதில் தம் செருப்பை மாட்டிவிட்டார்கள்.

கணுக்கால் வரை என்றுதான் நினைத்தேன்.
தழும்பில் உப்பு பட்டது. எரியவில்லை.
முழங்கால் வரை.
அப்போது ஒரு அலை,
பெரியதுகூட இல்லை,
உட்கார வைத்தது.

வாய் நிறையத் தண்ணீர். வாளி போயிற்று.
நாற்காலியைத் தேடு.
கடலில் ஏது நாற்காலி?
இடுப்பை உரசிக்கொண்டு வலைக்கயிறு போனது. பிடித்தேன்.
மறுமுனையில் யாரென்று தெரியாத இருபது பேர்
மீன் என்று நினைத்து என்னையும் இழுத்தார்கள்.
எழுந்து நின்றேன்.
நின்றவள் கயிற்றை விடவில்லை,
வலது காலை மணலில் ஊன்றி
மிதித்தேன், மிதித்தேன்.
எங்கும் எதுவும் தைக்கப்படவில்லை.

பாவாடை மடியில் முப்பத்து நான்கு மீன்கள்.
தயாளன் பேசவில்லை,
ஆனால் செதில் தேய்த்தார்.
ஃப்ரீசரில் கிடந்த அந்தப் பொட்டலத்தை
அன்றுதான் தூக்கிப் போட்டேன்.

இரவு வலித்தது
இடது முழங்கால்.
பொறாமையாக இருக்கலாம்.
தடவிக் கொடுத்துச் சொன்னேன்:
பெயர் பதிந்தால் மூன்று வருடம், நாற்பது படிவம்.
வரிசையில் நில்லடி.
இவளும் நின்று வந்தவள்தான்.